மாட்டுக்கறியை விட்ட மனுஷன்

போன வாரம் ஜிந்தனாவைக் கணவனின் சட்டையும் கையுமாகத் துவைக்கும் தொட்டியருகே நிற்க வைத்துவிட்டு வந்தோம். சட்டைப் பையில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் அம்மனின் சின்னப் படம் ஒன்று இருந்தது. அவள் அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள். சட்டையைத் துவைக்காமல் கொடியில் போட்டாள். சாயங்காலம் தவின் வந்தபோது அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் பயந்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் மனுஷனுக்கு அது பிடிபடவில்லை. ஐஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

படம் வைத்திருப்பதில் ஒன்றும் குற்றமில்லை. எங்கள் பேட்சபுரியில் பாதி வீட்டில் அந்த அம்மன் இருக்கிறாள். ஆனால் அவளைக் கும்பிடுகிறவர்கள் மாட்டுக்கறி தொடமாட்டார்கள். தவினோ மணிக்கூண்டுக் கடை மாட்டுக்கறி நூடுல்ஸுக்காகத் தாய்மாமன் தகனத்துக்கே தாமதமாகப் போனவர். அப்பேர்ப்பட்டவர் மழைக்காலம் முடிந்ததிலிருந்து அந்தக் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எங்கள் ஊரில் ஓர் ஆண் திடீரென்று மாட்டுக்கறியை விட்டால் டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், இல்லை, ஒரு பெண் சொல்லியிருக்க வேண்டும். தவின் டாக்டரிடம் போகிற ஆள் இல்லை. இதற்கிடையில் மீன்காரி பூன்மா வேறு, "ஸ்டேஷன் பின்னாடி சாப்பாட்டுக் கடை வாசல்ல உன் வீட்டுக்காரர் பைக்கை அடிக்கடி பாக்குறேன், கறி நல்லா இருக்குமா?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டு வைத்தாள். பூன்மா எதையுமே தெரியாமல் கேட்டதில்லை.

படம், நூடுல்ஸ், பைக். மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள் ஜிந்தனா. வந்த விடை சின்ன வீடு.

வீட்டில் இப்போது அவர்கள் இருவர்தான். கீழே தவினின் பம்ப்செட் பட்டறை, மேலே அவள் பள்ளிச் சீருடை தைக்கிற மெஷின். ஒரே மகள் பிம், வங்கி வேலையை உதறிவிட்டு, முதல் மனைவியைப் பிரிந்த ஒரு லாரி ஓட்டுநரோடு தெற்கே போய்விட்டாள். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது ஜிந்தனாவின் உத்தரவு. அந்தச் சண்டையின்போது தவின் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அதை நல்ல குணம் என்று நினைத்தாள். பேசாத மனுஷன் எதை வேண்டுமானாலும் மறைப்பான் என்று இப்போதுதான் தோன்றியது.

இன்று காலை ஒரு சோதனை வைத்தாள். விடிந்ததும் மணிக்கூண்டுக்கு நடந்துபோய் மாட்டுக்கறி நூடுல்ஸ் வாங்கிவந்து, ரப்பர் பேண்டை அவிழ்த்து, ஆவி பறக்கக் கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். துளசி இலையும் பயறுமுளையும் தனித்தட்டில் வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து நூல் கோக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவின் கிண்ணத்தைப் பார்த்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வயிறு சரியில்லை என்று சொல்லிக் கிண்ணத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

"நேத்து ராத்திரி ரெண்டு தட்டு சோறு உள்ள போச்சே. அப்ப வயிறு எங்க போயிருந்துச்சு?"

"அது வேற வயிறு."

வேறு நாளாக இருந்தால் ஜிந்தனா சிரித்திருப்பாள். இன்று வாய்வரை வந்த சிரிப்பை விழுங்கினாள். தவின் மீந்த சோற்றில் முட்டையைப் பொரித்துப் போட்டுக்கொண்டு நன்றாகவே சாப்பிட்டார். சாயங்காலம் பான் லாமில் ஓர் இறால் பண்ணையில் பம்ப் வேலை இருக்கிறது, சாப்பாட்டுக்குக் காத்திருக்க வேண்டாம் என்றார். யார் பண்ணை என்று கேட்டாள். சாலொங் பண்ணை என்றார். அவர் செருப்பு மாட்டும்போது மறுபடி கேட்டாள். வின்யூவின் பண்ணை என்றார்.

பொய் சொல்லக்கூடத் தெரியவில்லையே என்று ஒரு கணம் பரிதாபமாகத்தான் இருந்தது. பிறகு, இத்தனை மோசமாகப் பொய் சொல்கிறவரை இத்தனை மாதம் நம்பியிருக்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அவர் போன பிறகு அந்த நூடுல்ஸை அவளே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆறிப்போயிருந்தது.

அவள் முடிவில் குழப்பமே இல்லை. இன்று சாயங்காலம் அந்தக் கடைக்குப் போவாள். சாதாரண வாடிக்கைக்காரி மாதிரி சாப்பிடுவாள். அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்ப்பாள். சத்தம் போடமாட்டாள், சந்தி சிரிக்க விடமாட்டாள். ஆனால் விஷயம் உண்மையென்றால் இன்று ராத்திரி தவின் தன் வீட்டு மாடிப்படி ஏறமுடியாது. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே.

தனியாகச் சாப்பிடப் போகிற பெண்ணை ஊரே திரும்பிப் பார்க்கும். அதனால் துணைக்கு நாத்தனாரைப் பிடித்தாள். தவினின் தங்கை வன்பென், ஸ்டேஷன் வாசலில் முட்டைப் பணியாரம் விற்பவள். கல்யாணம் ஆகாதவள், வாய் ஓயாதவள். வம்பு என்றால் வெல்லம் அவளுக்கு. அப்படிப்பட்டவள், கடையின் பெயரைச் சொன்னதும் முகம் சுண்டிப்போனாள்.

"அந்தக் கடையா? ஈ மொய்க்கும் அண்ணி. கறியில ஒரே உப்பு."

"நீ போயிருக்கியா?"

"கேள்விப்பட்டேன்."

ஆற்றங்கரைக் கடைக்குப் போகலாம் என்றாள். அங்கே இப்போது பாட்டுக்கூட வைக்கிறார்கள் என்றாள். தலைவலி என்றாள். ஜிந்தனா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கிளம்பு என்றாள். வழியெல்லாம் வன்பென் கைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அண்ணனுக்கு இப்படி ஒரு அசிங்கம் என்றால் தங்கைக்குச் சங்கடமாகத்தானே இருக்கும் என்று ஜிந்தனா நினைத்துக்கொண்டாள்.

வெயில் இன்னும் தாழவில்லை. தகரக் கூரை, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவரோடு ஒட்டிய மின்விசிறி. சின்னக் கடைதான், ஆனால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஈ ஒன்றுகூட இல்லை. உள்சுவரில் பலகைமேல் குவான் இம் அம்மன் வெள்ளையாக நின்றாள், காலடியில் புது மாலை. ஜிந்தனா அம்மனைப் பார்த்தாள், பிறகு வன்பென்னைப் பார்த்தாள். வன்பென் மின்விசிறியைப் பார்த்தாள்.

கடைக்காரி கைகூப்பிக்கொண்டு வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். கையில் பச்சை ஜேட் வளையல், முகத்தில் அளவான பவுடர், உதட்டில் சாயம். இடுப்பு இன்னும் இடுப்பாகவே இருந்தது. ஜிந்தனா தையற்காரி, நாடா இல்லாமலே அளவெடுப்பாள். குறை சொல்ல ஒரு மடிப்பாவது கிடைக்காதா என்று பார்த்தாள், கிடைக்கவில்லை.

பெயரைக் கேட்டாள். லாம்யாய் என்றாள் கடைக்காரி, இதோ வருகிறேன் என்று நகர்ந்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. கறுப்புத் தேநீர், ஐஸ், எலுமிச்சை. அதை நேராக வன்பென் முன்னால் வைத்தாள்.

"சர்க்கரை போடலக்கா," என்றாள்.

யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. வன்பென்னுக்குச் சர்க்கரை வியாதி இருப்பது குடும்பத்துக்கும் அவள் டாக்டருக்கும்தான் தெரியும்.

ஜிந்தனா தம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கேள்விப்பட்ட கடையில உனக்குன்னு தனி டீயா?"

"எல்லாருக்கும் குடுப்பாங்க அண்ணி."

"எனக்குக் குடுக்கலையே."

வன்பென் உறிஞ்சுகுழலை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் பதில் சொல்லாமல் இருந்து ஜிந்தனா பார்த்ததே இல்லை. அப்போதுதான் விஷயம் முழுசாக உறைத்தது. அண்ணன் திருடன் என்றால் தங்கை காவலுக்கு நிற்பவள். சின்ன வீட்டில் நாத்தனாராக உட்கார்ந்து சர்க்கரையில்லாத டீ குடித்துவிட்டு, மறுநாள் பெரிய வீட்டுக்கு வந்து அண்ணி, அண்ணி என்று பணியாரமும் நீட்டியிருக்கிறாள்.

ஜிந்தனா சாப்பாடு சொன்னாள். பொரித்த அயிலை, வள்ளைக்கீரை வதக்கல், இளம் பனங்காய்க் கறி. சோறு இரண்டு தட்டு. அவள் குரல் கற்கண்டாக இருந்தது. வன்பென் அந்தக் குரலைக் கேட்டு நாற்காலியில் நெளிந்தாள். அடுத்த நிமிஷமே யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கைபேசியோடு வாசலுக்கு ஓடினாள். மணி ஒலிக்கவே இல்லை.

கறி வந்தது. எங்கள் ஊரில் இளம் பனங்காயைத் தேங்காய்ப்பாலில் போட்டால் கூடவே மாட்டுக்கறியும் விழும், அதுதான் ஊர் வழக்கம். இந்தக் கிண்ணத்தில் கிடந்தது பன்றிக்கறி. ஜிந்தனா கரண்டியால் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். சுவரில் எழுதியிருந்த பதார்த்தப் பெயர்களையும் மேலிருந்து கீழாகப் படித்தாள். மாடு எங்கேயும் இல்லை.

லாம்யாய் சோற்றுச் சட்டியோடு வந்தபோது, சிரித்த முகமாக அதைக் கேட்டாள். பனங்காய்க் கறிக்கு மாட்டுக்கறிதானே போடுவார்கள்?

முன்னே போட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்றாள் லாம்யாய். சமையல் செய்கிறவள் இப்போது மாட்டுக்கறியை அடுப்படிக்குள்ளேயே விடுவதில்லையாம். வாடிக்கை கொஞ்சம் குறைந்ததுதான், ஆனாலும் என்ன செய்வது என்றாள்.

"ஏன் அப்படி?"

"உங்ககூட வந்த அக்காவோட அண்ணன், தவின் அண்ணன். அவர் அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு மாட்டுக்கறியை விட்டுட்டாரு. அவரே விட்டப்புறம் நான் எப்படி அதைத் தொட்டுச் சமைப்பேன்னு இவளும் விட்டுட்டா."

ஜிந்தனா கரண்டியைக் கீழே வைத்தாள். என்ன வேண்டுதல் என்று கேட்டாள். ஊர்க்கதை கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"குழந்தை நல்லபடியா பொறக்கணும்னுதான். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். அந்த மனுஷன் ராத்திரி பூரா வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தாரு."

யாருக்குக் குழந்தை என்று கேட்டபோது பக்கத்து மேஜைக்காரர்கள் மீன்குழம்பு எங்கே என்று தட்டினார்கள். லாம்யாய் வந்துட்டேன் என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, ஜிந்தனாவுக்குத் தாடையால் உள்பக்கத்தைக் காட்டினாள். பின்சுவரில் ஒரு கதவு. அதற்கப்பால் அடுப்பின் இரைச்சலும் புகையும்.

ஆக, இவள் இல்லை. ஜேட் வளையலுக்கு வீணாக அளவெடுத்தாயிற்று. சின்ன வீடு உள்ளே அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருக்கிறது, வயிற்றில் பிள்ளையோடு.

பம்ப் பழுது பார்க்கப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பிய இரண்டு நாளும் ஜிந்தனாவுக்கு நினைவு வந்தது. அவர் கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாமல் உழைக்கிறாரே என்று அவளே கஞ்சி வைத்துக் கொடுத்திருந்தாள். அழக்கூடாது என்று முதலிலேயே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள், அழவில்லை. ஆனால் பசி போய்விட்டது. அவமானம் காதுவரை சுட்டது.

சத்தம் போடுவதில்லை என்ற முடிவில் அப்போதும் மாற்றமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போவாள். என் வீட்டுக்காரர் உனக்கு என்ன முறை? அவ்வளவுதான். அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பாவாடையை நீவிவிட்டு எழுந்தாள்.

வாசலில் வன்பென் முதுகைக் காட்டிக்கொண்டு கைபேசியில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கை காற்றில் வேண்டாம், வேண்டாம் என்று ஆடுவது தெரிந்தது. யாரை வரவேண்டாம் என்கிறாள் என்று ஜிந்தனாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் ஐஸ் பெட்டியைத் தாண்டி, வெங்காய மூட்டையைத் தாண்டி, கதவைத் தள்ளினாள்.

உள்ளே புகை விசிறி கடகடவென்று ஓடியது. ஒரு பெண் வாணலி முன்னால் முதுகைக் காட்டி நின்றாள். நெஞ்சுக்குக் கீழே உயர்த்திக் கட்டிய முன்துணி, பின்னால் முடிச்சு எட்டாமல் ஊக்கு குத்தியிருந்தாள். கால் இரண்டும் வீங்கி செருப்பின் வாருக்கு மேல் பிதுங்கின. நிறைமாதம் என்று பார்த்ததுமே தெரிந்தது. கோபத்தோடு வந்தவளுக்கும் அந்தக் காலைப் பார்த்ததும், இவளை யார் இப்படி நிற்கவைத்தது என்றுதான் முதலில் தோன்றியது.

ஈரச் சிமெண்டில் காலடி கேட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் திரும்பாமலே பேசினாள்.

"வந்துட்டீங்களாப்பா? இன்னைக்கு அம்மாகிட்ட எந்த ஊர் பம்ப்செட்டு?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஜிந்தனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அது பிம்மின் குரல். பிம்மின் சிரிப்பு.

முதலில் வந்தது நிம்மதி. கணவன் கெட்டுப்போகவில்லை என்று ஓர் ஆறுதல் உடம்பு முழுக்க ஓடியது. ஓடிய வேகத்திலேயே போய்விட்டது. தெற்கே எங்கேயோ இருக்கிறாள் என்று நினைத்த மகள், சைக்கிள் தூரத்தில் இருந்திருக்கிறாள். தவினுக்குத் தெரியும். வன்பென்னுக்குத் தெரியும், உட்கார்ந்து டீ குடிக்கிற அளவுக்குத் தெரியும். முன்பின் தெரியாத லாம்யாய் ஆஸ்பத்திரியில் கூட இருந்திருக்கிறாள். மீன்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கும். இத்தனை பேரும் சேர்ந்து இந்தப் பெண்ணை யாரிடமிருந்து ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று யோசித்தாள். பெற்றவளிடமிருந்துதான்.

பிம் பூண்டை எண்ணெயில் போட்டாள். பேச்சை விடவில்லை.

"அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? தைலம் குடுத்தேனே, தேச்சுவிட்டீங்களா?"

அந்தத் தைலம் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர் கொடுத்தது என்று தவின் சொல்லியிருந்தார். தினமும் அவரே தேய்த்தும் விட்டார். வலி நிஜமாகவே குறைந்திருந்தது.

"டாக்டர் திங்கக்கிழமையே வந்து சேரச் சொல்லிட்டாரு," என்றாள் பிம். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. "அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னு கேக்கலாமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். வேணாம்ப்பா. வரமாட்டேன்னு சொல்லிட்டா எனக்குத் தாங்காது. சொல்லாம விட்டா, தெரிஞ்சிருந்தா வந்திருப்பாங்கன்னு நெனச்சுக்கலாம்ல."

வெளியே ஒரு பைக் வந்து நின்றது. வன்பென் ஓடுகிற செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணா, உள்ளே போகாதீங்க என்று அவள் தணிந்த குரலில் சொல்வதும், தவின் என்ன என்ன என்று பதறுவதும் கேட்டது. விசிறி இரைச்சலில் பிம்முக்கு அது கேட்கவில்லை. அப்பா பதில் சொல்வார் என்று கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

ஜிந்தனா கேட்கவந்த கேள்விக்கு இனி வேலையில்லை. மன்னிப்புக் கேட்டும் அவளுக்குப் பழக்கமில்லை, மன்னித்தும் பழக்கமில்லை. வாணலியிலிருந்து காந்தல் வாடை எழுந்தது.

"அடுப்பக் குறைடி," என்றாள். "பூண்டு கருகுது."

கரண்டி நின்றது. பிம்மின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. அவள் குனிந்து, வயிறு இடிக்காமல் சாய்ந்து, அடுப்பின் திருகைத் திருப்பினாள். நெருப்பு அடங்கியது. திருகிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அவள் வீட்டைவிட்டுப் போன அன்று ஜிந்தனா மாடிப்படியில் நின்று கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். உயிரோடு இருக்கிறவரை உன் முகத்தை எனக்குக் காட்டாதே என்றாள். கோபத்தில் சொன்னது. சொன்னவள் அதை எப்போதோ மறந்திருந்தாள்.

பிம் சுவரைப் பார்த்தபடியே பேசினாள். ரொம்ப மரியாதையாகக் கேட்டாள், வேற்று வீட்டில் அனுமதி கேட்கிற மாதிரி.

"அம்மா, நான் திரும்பலாமா?"